திறக்காத மூடி

வயோமிங் மதியக் காற்றில் பிக்கப் வண்டியின் பின்பக்கம் ஜாக்கியில் நிற்கிறது. பக்கத்தில் டிரெய்லருக்குள், வயிற்றுவலி கண்ட பெட்டைக் குதிரை பலகையை உதைக்கிறது. கால்நடை மருத்துவர் இருப்பதோ அறுபது மைல் தள்ளி. வண்டிக்கடியில் மல்லாந்திருக்கும் லோர்னாவின் முகத்துக்கு மேலே, பின் அச்சின் கியர்ப் பெட்டி புது கேஸ்கெட்டோடு பளபளக்கிறது. காலையெல்லாம் கணவன் வெர்ல் சொற்பொழிவாற்றியபடியே மாட்டியது. இனி ஒரு சொட்டு எண்ணெய் கசியாது. கசிவதற்கு உள்ளே எண்ணெய் வேண்டுமே. "பழசை வடிக்கிறதுக்கு முன்னாடி, புது எண்ணெய் ஊத்துற மூடி திறக்குதான்னு பார்த்தியா?" "அதெல்லாம் அடிப்படை விஷயம், லோர்னா." "அடிப்படைதான். பார்த்தியா?" வெர்லின் பூட்ஸ்கள் மண்ணில் இடம் மாறுகின்றன. துருவேறிய மூடியின் முனைகளை அவன் ஸ்பேனர் வழவழவென்று மழுக்கி வைத்திருக்கிறது; இனி அது திருகப் பிடி கொடுக்காது. அவள் அச்சின் மேலுள்ள காற்றுக்குழாயைப் பிடுங்கி, அது இருந்த சின்னத் துளையில் புனலைச் செருகி எண்ணெயைச் சாய்க்கிறாள். அது அவசரமே அறியாமல் நூலாக இறங்குகிறது. "அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்கின்றன பூட்ஸ்கள். உதைச் சத்தம் நின்றுவிடுகிறது. லோர்னாவின் கை அப்படியே நிற்கிறது. பூட்ஸ்களும் அசையவில்லை. புனலில் ஒரு குமிழி உடைகிறது. பிறகு, டிரெய்லரே அதிர ஓர் உதை. "உதைடி கண்ணு," என்கிறாள் லோர்னா, "இன்னும் அரைப் புட்டிதான்."