முன்பக்க ஜிப்

ஜிப் முதுகில் இருந்தது. இரண்டு தோள்களுக்கும் நடுவே, குறுக்காக.

கையை மேலே கொண்டுபோய் எட்டினாள். கீழே கொண்டுபோய் எட்டினாள். விரல் நுனிக்குத் தட்டுப்பட்டது. பிடிபடவில்லை.

சனியன்.

உடை மாற்றும் அறைக்கு வெளியே ஏற்கெனவே, கடலில் மூழ்கி நீந்தப் போடுகிற ட்ரைசூட் ஒரு குவியல் கிடந்தது. எல்லாம் முன்பக்க ஜிப். கடைக்குள் நுழைந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தையே அதுதான். உடம்பில் சொட்டுத் தண்ணீர் படக் கூடாது, ஜிப் முன்னால் இருக்கணும், நானே போட்டுக்கணும்.

கடைப்பெண் தர்சிகா யாழ்ப்பாணத்துக் குடும்பம். பிறந்ததே நார்வேயில், இந்தப் பெர்கனில். தமிழ் கேட்ட சந்தோஷத்தில் ஓடி ஓடி எடுத்துத் தந்தாள்.

ஒன்று காலில் யானைக்குத் தைத்த மாதிரி தொளதொளத்தது. அதற்குள் காற்றுப் போனால் கடலில் தலைகீழாகத்தான் தொங்கணும். ஒன்று இடுப்பைத் தாண்டவே இல்லை. ஒன்றின் கழுத்து ரப்பர் குரல்வளையைப் பிடித்தது. நல்லவேளை, ஒன்று சரியாக இருக்கிறதே என்று சீட்டைப் பார்த்தால், பள்ளிக்கூடத்துப் பையன்களுக்கானது. குனிந்ததும் மார்பில் குத்தியது.

இந்த ஊரில் குள்ளமான பெண்களே கிடையாதா? இருந்தால் அவர்களுக்கு இடுப்பு கிடையாதா?

அவள் அளவில் முன்பக்க ஜிப் வேண்டுமென்றால் சொல்லித்தான் தைக்கணும், மாதக்கணக்கில் ஆகும் என்றாள் தர்சிகா.

டைவ் வருகிற ஞாயிற்றுக்கிழமை.

வாசுவும் வருவான்.

கல்யாணம் ஆனதிலிருந்து இருவருக்கும் ஒரே கிளப். அவளுடைய பழைய சூட் அவன் பார்த்து வாங்கியது. அதிலும் ஜிப் முதுகில்தான். படகுத்துறையில் அவள் திரும்பி நிற்பாள். அவன் ஜிப்பை இழுத்து மூடுவான். தோளில் இரண்டு தட்டுத் தட்டுவான். அப்புறம்தான் அவள் திரும்புவாள்.

ஏப்ரலில் வீட்டைவிட்டுப் போனான். துணிமணி, புத்தகம், காப்பி ஃபில்டர் எல்லாவற்றையும் கொண்டுபோனான். ஃபில்டர் அவள் அம்மா வாங்கிக் கொடுத்தது.

கிளப்பை மட்டும் விடவில்லை. அவளும் விடவில்லை. அவள் ஏன் விடணும்?

போன மாதம் துறையில் முதுகு திறந்தபடி நின்றாள். ஒருத்தரும் கிட்டே வரவில்லை. ஆளாளுக்கு முகமூடியைத் துடைத்தார்கள், சிலிண்டரைத் திருகினார்கள். கடைசியில் வாசுதான் வந்தான். ஒன்றுமே நடக்காத மாதிரி மூடினான். தோளில் இரண்டு தட்டு.

அன்றைக்குத் தண்ணீருக்கடியில் என்ன பார்த்தாள் என்று கேட்டால் தெரியாது.

அந்தக் கை இனிமேல் முதுகில் படக் கூடாது. அவ்வளவுதான். அதற்குத்தான் புது சூட்டே.

ஆனால் பொருந்தியது இது ஒன்றுதான். கால் சரி. இடுப்பு சரி. கழுத்து சரி. கண்ணாடியில் அவளுக்கென்றே தைத்தது போல இருந்தது. பாழாய்ப்போன ஜிப் மட்டும் முதுகில்.

பார்த்துவிடலாம் ஒரு கை.

சூட்டைத் தோளிலிருந்து இறக்கினாள். ஷூ லேஸை உருவி ஜிப் வளையத்தில் கட்டினாள். மறுபடி மாட்டிக்கொண்டு, லேஸின் மறுமுனையைச் சுவரில் கோட்டு மாட்டும் கொக்கியில் முடிந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்தாள்.

ஜிப் அசைந்தது.

பாதி. முக்கால். முழுசும்.

கண்ணாடியில் இருந்தவள் சிரித்தாள். முகமெல்லாம் வியர்வை, தலைமுடி கலைந்து கிடந்தது. போடா, என்றாள் வாய்க்குள்.

திறக்க வேண்டுமென்றால் லேஸை எதிர்ப்பக்கம் கட்டி இழுக்கணும். கொக்கியிலிருந்து வெடுக்கென்று பிடுங்கினாள். ஜிப்பில் இருந்த முடிச்சும் அவிழ்ந்து லேஸ் கையோடு வந்துவிட்டது.

கையை மேலே கொண்டுபோனாள். கீழே கொண்டுபோனாள்.

போட்டுக்கொள்வதைப் பற்றியே யோசித்திருந்தாள். கழற்றுவதை யோசிக்கவே இல்லை. அதையும் இத்தனை வருஷம் அவன்தானே செய்தான்.

ஸ்டூலில் உட்கார்ந்தாள். அழுகை வந்தது. துக்கமாக இல்லை, ஆத்திரமாக வந்தது. வெளியே தர்சிகா சூட்டுகளைத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தாள். எத்தனை நேரம்தான் இப்படி உட்கார்ந்திருப்பது?

கதவைத் திறந்து, ஒன்றும் சொல்லாமல் முதுகைக் காட்டி நின்றாள்.

தர்சிகா ஜிப்பைத் திறந்துவிட்டாள். தரையில் கிடந்த லேஸைப் பார்த்தாள். கொக்கியைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

"ஞாயிற்றுக்கிழமை உங்களோட ஒருத்தரும் வரேல்லையோ அக்கா?"

"இருபது பேர் வர்றாங்க."



இருபது பேர். ஆளுக்கு இரண்டு கை. போன மாதம் அவர்களில் ஒருத்தரையாவது கேட்டாளா? கேட்கவில்லை. முதுகைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா நின்றாள். வாசுவுக்காக நிற்கிறாள் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள்.

நினைத்ததில் தப்பும் இல்லை.

அவள் கழுத்தையும் கைகளையும் உருவிக்கொண்டதும், தர்சிகா சூட்டை வாங்கக் கை நீட்டினாள். அவள் கொடுக்கவில்லை. கைகளை மறுபடி உள்ளே நுழைத்தாள். கழுத்தை மாட்டினாள். திரும்பி நின்றாள். சின்ன விஷயம்தான், ஆனாலும் இதுவரை யாரிடமும் கேட்டதில்லை.

"தர்சிகா, இந்த ஜிப்பைக் கொஞ்சம் போட்டு விடுறியா?"

ஜிப் ஒரு தோளிலிருந்து மறுதோளுக்குப் போனது. சத்தம் நின்றது.

அவள் அசையாமல் நின்றாள்.

தோளில் தட்டு விழவில்லை. விழாது. இந்தப் பெண்ணுக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்?

இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள்.

பிறகு, தானாகத் திரும்பினாள்.