நாலு பத்துக்கு ஒரு திருத்தம்

செக்காலையில் ஒரு சிறிய அலுவலகத்தில் நான்கு பேர் செய்வது ரைஸ் மில் பாய்லர்களை இயக்கும் மென்பொருள். முன்பெல்லாம் திருத்தங்களின் பதிவு முழுவதும் ஒரே சர்வரில் இருந்தது. அது படுத்துவிட்டால் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். போன மாதம் யோகலட்சுமி அந்த முறையை மாற்றினாள். இப்போது ஒவ்வொருவர் லேப்டாப்பிலும் முழுப் பதிவும் இருக்கிறது; ஒன்றில் இல்லாததை மற்றொன்று தானாகவே நிரப்பிவிடும்.

மதியம் மூன்றே முக்காலுக்கு அவள் பதிவைத் திறந்தாள். கடைசித் திருத்தம் அவள் பெயரில், அன்று மாலை நாலு பத்துக்குச் செய்ததாக இருந்தது: 'முத்தரசு அண்ணன் இறந்ததால் பாய்லர் அழுத்த வரம்பைக் குறைத்திருக்கிறேன்.'

அழித்தாள். உதயகுமாரின் லேப்டாப்பிலிருந்து அது திரும்பி வந்தது. அவன் அழித்தான். ஈஸ்வரியின் லேப்டாப்பிலிருந்து வந்தது.

"சர்வர்னா ஒரே எடத்துல அழிச்சிருக்கலாம்," என்றான் உதயகுமார்.

நால்வரில் ஒருவரான முத்தரசு காலையிலேயே புதுவயல் மில்லுக்குப் போயிருந்தார். யோகலட்சுமி போன் செய்தாள்.

"அண்ணே, எங்குட்டு நிக்கிறீக?"

"பாய்லர்கிட்டதான்த்தா."

"மொதல்ல வெளிய வாங்க. நாலு பத்துக்கு ஒரு திருத்தம் இருக்கு..."

"இருத்தா, பாக்குறேன்." லேப்டாப்பைத் திறக்கும் சத்தம் கேட்டது. "என்னுதுல அப்புடி ஒண்ணும் இல்லையே. மூணு அம்பத்திரெண்டோட பதிவு முடிஞ்சிருக்கு."

சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று ஐம்பத்தொன்று.