மாஸ்டர் நெஞ்சில் கரகர

மாஸ்டரின் நெஞ்சுக்கு நேரே பிடித்ததும் கதிர்வீச்சைக் கண்டுபிடிக்கும் கருவி கரகரவென்று கத்தத் தொடங்கியது.

"ஐயையோ, உள்ளேயே தங்கிடுச்சா?" என்று அலறிய டாக்டர், அடுத்த நொடி அறையில் இல்லை. பின்னாலேயே நர்ஸும் ஓடினாள். மேஜையில் அசையக் கூடாமல் கிடந்த மாஸ்டருக்கு மட்டும் ஓட வழியில்லை.

அவர் அந்த ஆஸ்பத்திரி கேன்டீனின் சமையல் மாஸ்டர். போன வருஷம் பலூன் வைத்து விரித்த இதயக் குழாய் மறுபடி சுருங்கிவிட்டது. இன்று திரும்பவும் பலூன். இன்னொரு தடவை சுருங்காமலிருக்க, கதிர்வீச்சு உள்ள சின்னக் கம்பியை அதே இடத்துக்கு அனுப்பி, கொஞ்ச நேரம் வைத்திருந்து உருவி எடுத்தார்கள். அதற்குப் பிறகு கருவி வாயே திறக்கக் கூடாது. திறந்தால் கம்பியில் ஏதோ துண்டு உள்ளே மாட்டிக்கொண்டது என்று அர்த்தம்.

சிகிச்சைக்கு முன்னால்தான் டாக்டர் அவரை வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தார்.

"எண்ணெயில முங்கி எழறீங்க. உப்பை அள்ளிக் கொட்டிக்கிறீங்க. என்னைப் பாருங்க, உங்களைவிட மூத்தவன். கல்லு மாதிரி இருக்கேன்!"

கேன்டீனில் எதை வறுத்தாலும் முதல் தட்டு யாருக்குப் போகிறது என்பது மாஸ்டருக்குத் தெரியும். அதே டாக்டர் இன்று தாமதமாக வந்ததுமல்லாமல், வந்ததும் கேட்கிற காபியையும் வேண்டாமென்று திருப்பி அனுப்பியிருந்தார். 'நான் இல்லாத அடுப்படியில காபி அப்படித்தான் இருக்கும்' என்று மாஸ்டர் உள்ளுக்குள் மார்தட்டிக்கொண்டார்.

இப்போது அந்த மார்புக்கே ஆபத்து. பயத்தில் அவருக்கு அழுகை வந்துவிட்டது.

"மேடம், என் வீட்டுக்காரி வெளியே உக்காந்திருக்கா. அவகிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

கருவியைப் பிடித்திருந்த மேடம்தான் கதிர்வீச்சுக்குப் பொறுப்பு. அவர் மட்டும் ஓடவில்லை. ஈயப் பெட்டியைச் சரிபார்த்தார். கம்பி முழுசாக அதற்குள் இருந்தது. திரும்பவும் கருவியை மாஸ்டரின் நெஞ்சருகே கொண்டுவந்தார். அது மூச்சே விடவில்லை.

"உள்ளே ஒண்ணுமில்லை மாஸ்டர். சுத்தமா இருக்கு."

"அப்ப ஏன் மேடம் அப்படிக் கத்துச்சு?"

"அதான் எனக்கும் புரியலை. டாக்டர், உள்ளே வாங்க, பயமில்லை!"

டாக்டர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். "பயமா? எனக்கா? ஒரு போன் வந்துச்சு, போனேன்" என்றபடி மாஸ்டர் பக்கம் குனிந்தார்.

கரகர, கரகர.

டாக்டர் துள்ளிப் பின்வாங்கினார். கருவி அடங்கியது. மெல்ல முன்னால் வந்தார். மறுபடி கத்தியது.

மேடம் கருவியை மாஸ்டரிடமிருந்து எடுத்து மெதுவாகத் திருப்பினார். டாக்டருக்கு நேராக வந்ததும் அது தொண்டை கிழிய அலறியது.

"காலையில எங்க போயிருந்தீங்க டாக்டர்?"

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்களேன்." டாக்டரின் முகம் வேர்த்துவிட்டது. "வேற ஆஸ்பத்திரியில ஒரு ஸ்கேன். கதிர்வீச்சு மருந்து ஊசி போட்டாங்க. இருந்த பதட்டத்துல அது மறந்தே போச்சு. காபிகூடக் குடிக்கக் கூடாதுன்னுட்டாங்க."

"எதுக்கு ஸ்கேன்?"

டாக்டரின் கை தானாக இடது மார்பைத் தடவியது.

மாஸ்டருக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. படுத்தபடியே கேட்டார்:

"அப்ப நாளையிலேர்ந்து உங்களுக்கும் உப்பில்லாமத்தானே, டாக்டர்?"