ஊர்வலம் சேருமட்டும்

"இங்கிலீஷ்காரன்ர ஆட்டம் ஆடி சுவிஸ் பாஸ்போர்ட் எடுக்கிற முதல் தமிழன் நீங்களாத்தான் இருப்பியள்!"

மனைவி சிவகலாவின் பகிடிக்குத் தவச்செல்வன் நிமிரவில்லை. முழங்காலுக்குக் கீழே மணிப்பட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"சிரியாதையும். ஒரு சங்கத்திலயாவது இருந்தால்தான் ஊரோட சேர்ந்த ஆள் எண்டு பாஸ்போர்ட் குடுப்பினமாம். யோடல் பாட எனக்குக் குரல் இல்லை. சுடுற சங்கமெண்டால், துவக்கைக் கண்டாலே எனக்கு வேர்க்கும். இந்த லாங்கன்தால் ஊரில மிஞ்சினது இந்த மொரிஸ் ஆட்டம்தான்."

"ஆடுங்கோ, ஆர் மறிச்சது? கையில பிடிக்கிற அந்த வெள்ளை லேஞ்சித் துணியை ஆட்டேக்கதான் பஸ்ஸை மறிக்கிற மாதிரிக் கிடக்கு."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. இருபது வருசம் தொழிற்சாலையும் நித்திரையுமாகக் கிடந்த மனுசன் இப்போது பல் தெரியச் சிரிக்கிறார்.

போனில் அக்கோடியன் மெட்டைப் போட்டார். விறாந்தையிலிருந்து குசினிக்கு, குசினியிலிருந்து பல்கனிக்கு ஜல்ஜல்லென்று துள்ளி நடந்தார். மெட்டு திரும்பத் திரும்பச் சுழன்றது.

"இதுக்கு முடிவே இல்லையோ?"

"இது ஊர்வல மெட்டு. போய்ச் சேருமட்டும் வாசிப்பினம். சேர்ந்த உடன நிப்பாட்டிப்போடுவினம்."

திடீரென்று நின்றார்.

"கலா, தபால்பெட்டி பார்த்தனீரோ?"

"பார்த்தனான். விளம்பரத் தாள்தான்."

"பாஸ்போர்ட் நேர்காணல் முடிஞ்சு நாலு மாசமாச்சு. மறுத்துப்போட்டாங்களோ?"

அந்த முகத்தைப் பார்க்க அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது.

"வரும், வரும். சனிக்கிழமை ஊர்வலத்தில காலை மாத்தி வையாமல் ஆடுங்கோ. பாஸ்போர்ட்டுக்கு முடிவு சொல்லுற கெமைண்ட கந்தோர்க்காரரும் பாக்க வருவினம்."

"ஓம். ஆனால் கடிதம் வந்த அண்டைக்கே இந்த மணியைக் கழட்டிக் குடுத்துப்போடுவன். ஐம்பத்துமூண்டு வயசில எனக்கென்ன ஆட்டம்? தமிழ்க் கடையில சனம் சிரிக்குது."

வாய்தான் அப்படிச் சொன்னது. நின்ற இடத்திலேயே அவருடைய இடது கால் தாளம் போட்டுக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள்.

"ஒத்திகைக்கு நேரமாச்சு. வெளிக்கிடுங்கோ, ஆட்டக்காரரே!"

மணிச்சத்தம் படியிறங்கிப் போனது. பல்கனியிலிருந்து எட்டிப் பார்த்தாள். கீழே, ஒருவரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில், வெறும் நடைபாதையில் ஒரு துள்ளு துள்ளிவிட்டுப் போனார்.

சிவகலா குசினிக்கு வந்து அரிசி வாளியைத் தூக்கினாள். 'உங்கள் விண்ணப்பம் ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று கெமைண்டயிலிருந்து வந்து பத்து நாளாக அதற்கடியில் கிடந்த கடிதத்தை, இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிவைத்தாள்.