கை நீள முடி

குழந்தைக்கு நாலு மாதம் ஆனதும் தையற்காரிக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டத் தொடங்கியது.

"பிள்ளை பெத்தவங்களுக்குக் கொட்டத்தாம்மா செய்யும். மருந்தெல்லாம் வேணாம், தானா வளந்துடும்" என்றார் டாக்டர்.

அவளுக்கு மனசு ஆறவில்லை. பிரசவத்துக்கு முன்பே முடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தாள். குளியலறையில் தண்ணீர் போகும் சல்லடையில் சிக்கிக் கிடந்த முடியோ கை நீளம் இருந்தது.

"இது யாரோடதுங்க?"

"என் தலையில இருக்கறதே நாலு முடி. உன்னோடதுதான், போ" என்று சிரித்தான் கணவன்.

மறுநாள் அவன் வேலைக்குப் போனபின், குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். அது அவள் முதுகுக்குப் பின்னால் கையை நீட்டி, எதையோ பற்றி வெடுக்கென்று இழுத்தது.

அவளுக்கு வலிக்கவில்லை.

பின்னால் யாரோ "ஸ்ஸ்" என்றார்கள்.