பல்லும் பக்தியும்

ஜெயம்மா புருஷனை அடிக்கிறாள் என்று எங்கள் ஊர் நகரியில் தெருவே பேசியது.

பேசாமல் என்ன செய்யும்? ஆதிநாராயணனின் கால் முழுக்க ஊதா ஊதாவாகக் கன்றிப் போயிருந்தது. வாயைத் திறந்தால் ஈறில் ரத்தம். முன்பல் ஒன்று ஆடிக்கொண்டே இருந்தது. புத்தூர் சந்தையில் அவர் மாட்டுக்கு விலை பேசினால் நாலு தெருவுக்குக் கேட்கும். அப்பேர்ப்பட்ட மனுஷன் இப்போது கட்டிலில் முனகிக்கொண்டு கிடந்தார்.

"அடிக்கிறது மட்டுமில்ல, சோறு போடாமயும் கொல்றா" என்று எதிர்வீட்டுத் தேவயானி தீர்ப்பே எழுதிவிட்டாள்.

விஷயம் வேறு. மாசி மாசம் ஊரே சேர்ந்து பஸ் பிடித்துக் காசிக்குப் போனார்கள். காசிக்குப் போனால் ஒரு காயையும் ஒரு பழத்தையும் விட்டுவிட்டு வருவது வழக்கம். கூடப் போனவர்கள் எல்லாரும் விவரமானவர்கள். பாகற்காயை விட்டார்கள், விளாம்பழத்தை விட்டார்கள், அதாவது தங்களுக்குப் பிடிக்காததை. நம்ம ஆள் மட்டும் கங்கையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, எல்லார் காதிலும் விழும்படி, காய், பழம், கீரை அத்தனையையும் விட்டேன் என்று சொல்லிவிட்டார். கரையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்குத்தான் இத்தனை பாடு.

அன்று முதல் சோறு, பருப்பு, மோர். ஊறுகாய்கூடக் கிடையாது. யாரோ கொய்யாப்பழம் கொண்டுவந்து நீட்டினபோது கண்ணை மூடிக்கொண்டார். மூக்கை மூடவில்லை.

பல் ஆட ஆரம்பித்ததும் ஜெயம்மா அவரைத் திருப்பதிக்கு இழுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினாள். டாக்டர் சின்ன வயசுப் பெண். என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டதுமே புரிந்துகொண்டாள். உடம்பில் வைட்டமின் சி சுத்தமாக இல்லை, அதை உடம்பு தானாகச் செய்துகொள்ளாது, வாய் வழியாகத்தான் போகணும் என்றாள். ஈறையும் ரத்தக் குழாயையும் பிடித்து வைக்கிற பசையை உடம்பு அதை வைத்துத்தான் செய்கிறதாம். அது இல்லாததால்தான் உள்ளேயே ரத்தம் கசிகிறது, இப்படியே விட்டால் உயிருக்கே ஆபத்து என்று சொல்லி, சப்பிச் சாப்பிடுகிற மாத்திரை கொடுத்தாள்.

மாத்திரை அட்டையில் ஆரஞ்சுப் பழம் படம் போட்டிருந்தது. அவ்வளவுதான்.

"பழத்த உட்டுட்டேன்னு கங்கையம்மாகிட்ட சொல்லிக்கினு, இத்த எப்படிமே துன்றது?" என்று அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். படம் இல்லாத மாத்திரை இருக்கிறது என்றாள் டாக்டர். அதுவும் பழத்துச் சத்துதானே என்றார் இவர். சாகத் துணிந்த மனுஷனுக்கு ஊரில் பேர் கெடத் துணிச்சல் வரவில்லை.

ஜெயம்மா அழுதுவிட்டாள். டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, நெல்லிக்காய்ச் சாறே போதும், கொதித்தால் சத்து போய்விடும், பருப்பில் போடாதீங்க, ஆறினது எதிலாவது கலந்து கொடுங்க என்றாள்.

அன்றிலிருந்து மோரில் நெல்லிக்காய்ச் சாறு. கொல்லையில் இடித்துப் பிழிந்து, சக்கையை மாட்டுக்குப் போட்டுத் தடயமே இல்லாமல் செய்தாள். அவர் சொம்பைத் தூக்கும்போதெல்லாம் இவள் அடுப்படிக்குள் போய்விடுவாள். கங்கையில் கொடுத்த வாக்கை அவருக்கே தெரியாமல் கெடுக்கிறோமே என்ற பயம். பாவம் வந்தால் எனக்கு வரட்டும், ஆள் பிழைக்கட்டும் என்று திருமலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொள்வாள்.

ஆள் பிழைத்தார். காலில் கன்றல் மறைந்தது, ஈறு இறுகியது, தொண்டையும் திரும்பி வந்தது. மாத்திரையைத் தொடாமலே தேறியவர் என்று பஜனைக் கோயிலில் சால்வை போர்த்தினார்கள். பக்தி இருந்தால் போதும் என்று அவரும் மைக்கில் முழங்கினார். தேவயானி முதல் வரிசையில் உட்கார்ந்து கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஜெயம்மாவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. காளஹஸ்தியில் மகள் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத் திருமலைக்குப் போனாள். இடுப்பு வரை இருந்த முடியைக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டு மொட்டைத் தலையோடு வந்து நின்றாள். புருஷனை அடித்த பாவத்துக்குப் பரிகாரம் என்றது தெரு.

ஆதிநாராயணன் திகைத்துப் போனார். "இன்னாமே இது? யாருக்கு வேண்டுதலு?"

அவள் காலில் விழுந்துவிட்டாள். "மோர்ல தெனமும் நெல்லிக்கா சாறு கலந்து குடுத்தேங்க. உங்க சத்தியத்த நாந்தான் கெடுத்தேன். அந்தப் பாவம் உங்கள அண்டக்கூடாதுன்னுதான் முடி குடுத்துட்டு வந்தேன்."

அவர் வாசலை எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"அது மொத நாளே தெரியும்மே. உப்புதான் ஒரு கல்லு கம்மியாவே போடுற."