நேர்ந்துகொண்ட முடி

மேடையில் நின்றவளின் உச்சந்தலையில் அளவு நாடாவின் முனையை ஒருத்தி அழுத்திப் பிடித்திருந்தாள். இன்னொருத்தி குனிந்து, முடியின் நுனியைத் தேடிக் கீழே கீழே போனாள்.

முழங்காலும் தாண்டியது.

கல்யாண மண்டபமே எட்டிப் பார்த்தது. கூந்தல் அழகிப் போட்டியில் கடைசிச் சுற்று. போன வருடம் ஜெயித்த பெண் ஓரமாக நின்று தன் பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அடேங்கப்பா! நம்ம நாடா பத்துமான்னு தெரியலீங்க" என்றாள் மைக் வைத்திருந்தவள்.

"சவுரி முடியா இருக்கும். இழுத்துப் பாருங்கக்கா!" பின்வரிசையிலிருந்து ஒரு குரல். சிரிப்பு.

நடுவர் அம்மாள் விளையாட்டாக இழுத்துப் பார்த்தார். லேசாகத்தான்.

அவளுக்குக் கண்ணைக் கட்டியது.

மகன் ஆதவன் அப்படித்தான் இழுப்பான். அம்மாவின் முடியைக் கையில் சுற்றிக்கொண்டால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அப்படியே. ஊசி போடும்போது இன்னும் இறுக்குவான். வலிக்கும். வலிக்கட்டும் என்று தலையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள்.

அங்கே வைத்துத்தான் வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிழைத்து வீட்டுக்கு வந்தால் பழனிக்கு வந்து மொட்டை போட்டுக்கொள்கிறேன், முருகா.

நேர்ந்த முடியில் கத்தரி படக் கூடாது. நுனிகூட வெட்டாமல் காத்தாள்.

பிள்ளை வரவில்லை.

அதன் பிறகு முடியை என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. அது சாமிக்குச் சேர வேண்டியதா, இல்லையா? வெட்டலாமா, கூடாதா? யாரிடம் போய்க் கேட்பாள்?

அது பாட்டுக்கு வளர்ந்தது.

"நாலு பேர் முகத்தப் பாத்தா மனசு கொஞ்சம் ஆறும், வாங்க அண்ணி" என்று நாத்தனார் கோமளாதான் பெயர் கொடுத்தாள். சிக்கெடுத்து, எண்ணெய் தேய்த்து, மேடையில் ஏற்றிவிட்டதும் அவள்தான். மறுக்கக்கூட இவளுக்குத் தெம்பில்லை. அளந்து பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்று கோமளா சத்தியம் செய்திருந்தாள். அந்த ஒன்றை நம்பித்தான் வந்தாள்.

இந்த வருடக் கூந்தல் அழகி அவள்தான் என்றார்கள். கல் பதித்த கிரீடத்தைத் தலையில் வைத்தார்கள்.

மைக் அவள் வாயருகே வந்தது.

"இவ்வளவு முடி எப்படிங்க வளந்துச்சு? அந்த ரகசியத்தச் சொல்லிட்டுத்தான் எறங்கோணும்!"

முன்வரிசையில் கோமளா பதறி எழுந்து, வேண்டாம் வேண்டாம் என்று மைக் வைத்திருந்தவளுக்குக் கையாட்டினாள். மைக்காரம்மாவோ சிரித்துக்கொண்டே பதிலுக்குக் கையாட்டினாள்.

பொய் சொல்லத் தெரிந்திருந்தால் செம்பருத்தி, கறிவேப்பிலை என்று எதையாவது சொல்லியிருப்பாள்.

"முருகனுக்கு நேர்ந்ததுங்க" என்றாள். "அவரு வாங்கிக்கல."

"பாத்தீங்களா! இந்த அழகு இங்கயே இருக்கட்டும்னு அந்த முருகனே விட்டுக் குடுத்துட்டாரு!"

மண்டபம் அதிரக் கைதட்டியது. நடுவர் அம்மாளும் தட்டினார். போன வருடத்துப் பெண்ணும் தட்டினாள்.

கோமளா மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எண்ணெய்க் கம்பெனி விளம்பரத்துக்குப் படம் வேண்டும் என்று போட்டோக்காரர் மேடைக்கு வந்தார்.

"திரும்பி நில்லுங்கம்மா. முகம் வேண்டாம்."

அவள் கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். எதிரே நீலத் திரைச்சீலை. வேறு யாரும் இல்லை.

முடியை விரித்து விட்டார்கள். விளக்கைப் பக்கத்தில் நகர்த்தினார்கள்.

போட்டோக்காரர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். கேமராவை இறக்கினார். மறுபடி பார்த்தார்.

"கொஞ்சம் ஆடாம நில்லுங்கம்மா" என்றார். "முடி அசையுது."